மூடி திறந்த மூன்று கேன்கள்

என் நாத்தனார் தண்ணீர் குடிக்கும் விதத்தைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எவர்சில்வர் தம்ளரில் கொடுத்தால் வாங்கமாட்டார். அவருக்கென்று ஒரு கண்ணாடி தம்ளர் இருக்கிறது. அதில் ஊற்றிக் கொடுத்தால் முதலில் சன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். ஒரு கண்ணை லேசாகச் சுருக்குவார். பிறகு ஒரே ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நாக்கின்மேல் வைத்துக்கொண்டு நிற்பார். தண்ணீரிடம் ஏதோ கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகு விழுங்குவது போல இருக்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மளிகைக் கடைக்காரர் ஒருமுறை, “பேட்டரி தண்ணி குடிச்ச உடம்பு, அதான் இன்னும் சார்ஜ் இறங்கல” என்றார். அண்ணி என்று நான் கூப்பிடும் அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் அடுப்புப் பக்கம் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன். அந்தப் பழக்கம் அண்ணிக்கு எப்படி வந்தது என்று முழுதாகத் தெரிந்த ஆள் அப்போது நான் ஒருத்திதான்.

அண்ணி என் கணவருக்கு அக்கா. அவருடைய வீட்டுக்காரர் வேலை தேடிப் போன ஊரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டபோது, அண்ணி இரண்டு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அழுதுகொண்டு வருவார் என்று எல்லோரும் தயாராக இருந்தோம். அவர் வாசலில் நின்று, “எனக்கு எந்த ரூம்?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் இருந்ததே இரண்டு அறை. பின்கட்டு அறையில் இருந்த விறகை எல்லாம் அவரே வெளியே எடுத்துப் போட்டு, மாலைக்குள் குடியேறிவிட்டார்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகி இரண்டு வருடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். எனக்குக் குரல் வராது. ஒருநாள் போகாமல் இருந்தேன், அப்படியே இருந்துவிட்டேன். பேச்சு வராததால் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. அண்ணி என்னை வாயில்லாப் பூச்சி என்றார். பிறகு ‘வாயில்லா’ உதிர்ந்து வெறும் ‘பூச்சி’ ஆகிவிட்டேன். அவர் வாயால் கேட்க எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் குடியிருப்புக்குப் பதினான்கு கிலோமீட்டர் முன்னாலேயே மின்கம்பங்கள் நின்றுவிட்டன. மேட்டையும் பாறையையும் தாண்டி அறுபத்திரண்டு வீட்டுக்காகக் கம்பி இழுக்க யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்து, நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்தோம். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அப்படியிருக்கும்போதுதான் சூரிய மின்சாரத்துக்காரர்கள் வந்து, பள்ளிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் வரிசையாகப் பேனல்களை நிறுத்தினார்கள். பக்கத்தில் ஓர் அறை கட்டினார்கள். அந்த அறைக்குள் இருபத்து நான்கு பேட்டரி செல்கள். ஒவ்வொன்றும் என் இடுப்புயரம். பகலில் வெயில் தருவதை வாங்கி வைத்து, இருட்டிய பிறகு வீடுகளுக்குக் கொடுக்கும்.

அதைக் கவனித்துக்கொள்ள உள்ளூர் ஆள் இருவர் வேண்டும், ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், நகரத்தில் நான்கு மாதம் பயிற்சி என்றார்கள். எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்பவில்லை. அண்ணி கூட்டத்தில் எழுந்து, “நான் போனா எங்க வீட்டு அடுப்பு அணையாது, தம்பி பொண்டாட்டி இருக்கா. நான் போறேன்” என்றார். கூடப் போன ஆண், விடுதிச் சாப்பாடு ஒத்துவரவில்லை என்று பத்தாம் நாளே திரும்பி வந்துவிட்டான். அண்ணி நான்கு மாதமும் இருந்து, ஒரு கருவிப் பையும் ரப்பர் கையுறையும் கண்ணுக்கு மாட்டும் பெரிய கண்ணாடியுமாக வந்து இறங்கினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிச் சரிசெய்தார். அது நான்கு வருடமாக ஓடாமல் இருந்தது.

பேட்டரி அறையில் அண்ணியைப் பார்க்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்வார். சன்னல்களைத் திறந்து, நெடி போகட்டும் என்று நூறு எண்ணுவார். ரப்பர் குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் குழாயைச் செல்லுக்குள் விட்டு உறிஞ்சினால், அதற்குள் ஒரு சின்ன மிதவை எழும்பி நிற்கும். அது நிற்கும் உயரத்தை வைத்து செல் எவ்வளவு தெம்பாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதுவார். செல்களுக்கு எண் உண்டு, குணமும் உண்டு. பதினொன்று சோம்பேறி. பத்தொன்பது நல்ல பிள்ளை. ஆசிட் தெறித்து அவருடைய துணி எல்லாம் பொடிப்பொடி ஓட்டையாக இருக்கும். வெள்ளிக்கிழமை துவைக்கும்போது அந்த ஓட்டைகளை நான் எண்ணியிருக்கிறேன்.

எந்த வீடு எவ்வளவு இழுக்கிறது என்பது, பேட்டரி அறையில் முனகும் இயந்திரத்தின் சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்; திடீரென்று பேச்சை நிறுத்தி, “யாரோ இஸ்திரிப் பெட்டி போட்டுட்டாங்க” என்று எழுந்து போவார். பெரும்பாலும் நேராகத் தையல்காரர் வீட்டுக்குத்தான். பகலில் மட்டும் இஸ்திரி போடலாம் என்பது ஒப்பந்தம். ஒருமுறை தையல்காரர் சூடான பெட்டியை அவசரமாகக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்து, மெத்தையில் இருந்து புகை வந்துவிட்டது. அண்ணி எதுவும் கேட்காமல், “வீடு நல்லா சூடா இருக்கே அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கதையைத் தையல்காரரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அண்ணியிடம் அவருக்கு ஒரு நன்றி இருந்தது. அவர் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. ஊசி மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஊர் மருத்துவ அறையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்த பிறகுதான் அந்த அம்மாள் நகரத்தில் மகள் வீட்டில் கிடக்காமல் இங்கே வந்து குடித்தனம் செய்ய முடிந்தது.

அந்தச் செல்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும். சாதாரணத் தண்ணீர் ஆகாது. ஆவியாக்கி மறுபடி தண்ணீராக்கிய, உப்போ மண்ணோ எதுவும் இல்லாத தண்ணீர். எங்கள் ஊரில் அதற்குப் பேட்டரி தண்ணி என்றே பெயர். நகரத்திலிருந்து லாரியில் மூன்று கேன் வரும், வெள்ளை நிறம், நீல மூடி, ஒவ்வொன்றும் ஐந்து லிட்டர். ஒரு கேன் எட்டு செல்லுக்கு. காலியான கேனை யாரும் தூக்கிப் போடமாட்டோம். எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் குடிதண்ணீர் அந்த வெள்ளைக் கேனில்தான் இருக்கும். அண்ணியும் பேட்டரி அறை மூலையில் தனக்குக் குடிக்க ஒன்று வைத்திருந்தார்.

எங்கள் நிலத்தடி நீர் உப்பு. பாத்திரத்தில் காயவைத்தால் வெள்ளையாகக் கோடு விழும். அதைச் சுரண்டிக் காட்டி, “இது நமக்கு ஒண்ணும் பண்ணாது பூச்சி. அதுங்களுக்கு விஷம்” என்று அண்ணி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதனால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

அந்த முறை லாரி வந்த நாளில் அண்ணிக்குக் கடுமையான காய்ச்சல். லாரி எங்கள் ஊர்வரை வராது. கீழே திருப்பத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து அரைமணி நேரம் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வர வேண்டும். நான் போகிறேன் என்றேன். நானாக ஒரு வேலைக்கு முன்வருவது அரிது. அண்ணி படுத்தபடியே என் கையைப் பிடித்து அழுத்தினார்.

ஏற்றத்தில் சக்கரம் கல்லில் ஏறி வண்டி சாய்ந்தது. இரண்டு கேன்களைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது உருண்டு போய்ப் பாறையில் மோதி நின்றது. மூடி சீலோடு பிய்ந்து தனியாகக் கிடந்தது. நான் இறங்கி ஓடிப் போய் நிமிர்த்துவதற்குள் தண்ணீர் முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. அடுத்த லாரி இரண்டு மாதம் கழித்து. காலிக் கேனை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், ஏதாவது மிச்சம் இருக்குமா என்று.

போய்ச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அண்ணி நோட்டைப் பார்த்து, எந்தச் செல்லுக்கு அவசரம், எது தாங்கும் என்று பிரித்து ஊற்றியிருப்பார். இது எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் வாசலில் போய் நின்று, எல்லோரும் என் முகத்தைப் பார்க்க, கொட்டிவிட்டேன் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். திருப்பத்துக்குத் திரும்பி நடந்தேன். அங்கே ஓர் அடிபம்பு உண்டு. கேனைக் கழுத்து வரை நிரப்பினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு தடவைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்துச் செய்ததுதான் பெரிய தப்பு. ஒரு கேனில் மட்டும் சீல் இல்லாமல் இருந்தால் அண்ணி கேட்பார். அதனால் மற்ற இரண்டு கேன்களின் சீல் வளையங்களையும் பிய்த்து எறிந்தேன். மூன்றும் ஒன்றுபோல ஆயின. வீட்டுக்கு வந்து, “காய்ச்சல்ல உங்களுக்குத் திருக முடியாதுன்னு மூடியத் திறந்து வெச்சுட்டேன் அண்ணி” என்றேன். நான் அவரிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அண்ணி என் கணவரைக் கூப்பிட்டு, “பாருடா, சொல்லாமலே செய்யறா. நீ இவளை ஒருநாளும் அதட்டக் கூடாது” என்றார். அன்று சாயங்காலமே போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் மூன்று கேனையும் ஊற்றிவிட்டு வந்தார்.

நான்கு மாதம் வெளியில் ஒன்றும் தெரியவில்லை. நான் தப்பித்துவிட்டதாக நினைத்தேன். அதற்குப் பிறகு, விடியும்வரை எரிந்த விளக்குகள் பத்து மணிக்கு அணைந்தன, பிறகு ஒன்பதுக்கு, பிறகு எட்டுக்கு. மருத்துவ அறை ஃப்ரிட்ஜ் காலையில் வெதுவெதுப்பாக இருந்தது. அண்ணி சாப்பிடாமல் அந்த அறையிலேயே கிடந்தார். எட்டு செல்கள் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் தேறவில்லை. எல்லாச் செல்லும் ஒரே சங்கிலி. எட்டு படுத்தால் மீதிப் பதினாறும் படுத்துவிடும்.

நகரத்திலிருந்து இன்ஜினியர் வந்தார். படுத்த செல்லில் இருந்து கொஞ்சம் உறிஞ்சி, ஒரு சின்னப் புட்டியில் இருந்து மருந்து ஒரு சொட்டு விட்டார். பால் மாதிரி வெளுத்தது. எங்கள் பம்புத் தண்ணீரிலும் ஒரு சொட்டு விட்டார். அதுவும் வெளுத்தது. “உப்புத் தண்ணி விட்டிருக்கீங்க” என்றார். அண்ணி அந்தப் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் தண்ணீரைத் தூக்கிப் பார்த்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பள்ளி வராந்தாவில் ஊர் மின்சாரக் கமிட்டி கூடியது. தலைவர், முன்பு தபால்காரராக இருந்தவர், நல்ல மனுஷர். நோட்டுப்படி அளவு மெல்ல இறங்கத் தொடங்கியது அண்ணிக்குக் காய்ச்சல் வந்த மாதம்தான், அந்த முறை மூன்று கேன் வந்தது, மூன்றும் ஊற்றியதாக இருக்கிறது, பிறகு உப்புத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நிதானமாகத்தான் கேட்டார்.

அண்ணி இரண்டு நாளாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மூன்று கேனிலும் சீல் இல்லாததால், எது எந்தக் கேன் என்று அவருக்கு அடையாளம் இல்லை. “அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். என் குடிதண்ணி கேனும் அங்கதான் இருந்துது. கேன் மாறிப்போச்சு போல. தப்பு என்னுதுதான்” என்றார்.

“அப்படின்னா ஒரு கேன் பேட்டரி தண்ணி மிச்சம் இருக்கணுமே?”

“அதை நான் குடிச்சிருப்பேன்.”

கூட்டம் சிரித்தது. அண்ணிக்கும் உதடு லேசாக விரிந்தது. அப்போது மளிகைக் கடைக்காரர், “அஞ்சு லிட்டரையும் குடிச்சீங்களா, இல்ல லாரிக்காரர் வண்டிக்கு ஊத்திக் குடுத்தீங்களா?” என்றார். அவர் கேட்ட தொனியில் தண்ணீர் மட்டும் இல்லை. சிரிப்பு நின்றது. கணவர் விட்டுப்போன பெண்ணைப் பற்றி அதற்கு மேல் யாரும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை.

தலைவர் அவசரமாகப் பேச்சை மாற்றி, கேன்களை யார் கொண்டுவந்தது என்று கேட்டார். அண்ணி நிமிர்ந்தார். “என் தம்பி பொண்டாட்டி கொண்டுவந்தா. அவ கொண்டுவந்தது சரியாத்தான் இருந்துது. அவளை இதுல இழுக்காதீங்க” என்றார்.

நான் கடைசித் தூணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தரையில் பள்ளிப் பிள்ளைகள் சாக்பீஸால் ஒரு வீடு வரைந்திருந்தார்கள். அந்த வீட்டின் கதவைக் கால் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் முடியும்போது கதவு இல்லை.

சாவியை அண்ணி கழுத்தில் கயிறு போட்டு மாட்டியிருப்பார். கழற்றும்போது அது கொண்டையில் சிக்கிக்கொண்டது. அவருக்குப் பதிலாக வேலைக்கு வைத்த கடைக்காரரின் தம்பி கையை நீட்டியபடி நிற்க, அண்ணி இரண்டு கையையும் தூக்கி முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் அன்று நான் செய்தது.

புதிய செல்கள் வரப் பதினொரு மாதம் ஆயிற்று. அதுவரை பாதி வெளிச்சம். ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டார்கள். தையல்காரர் இரண்டு மாதம் பார்த்தார். பிறகு மெஷினைப் பாயில் சுருட்டி, மனைவியைக் கூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். போகிற அன்று அண்ணியிடம் வந்து, “இனிமே யார் வீட்டு வாசல்ல வந்து நிப்பீங்க?” என்று சிரிக்கப் பார்த்தார். செல்கள் வந்த பிறகும் அவர்கள் திரும்பவில்லை. அவர்கள் வீட்டில் இப்போது யாரோ விறகு அடுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் நான் போக வேண்டும்.

அண்ணி மருத்துவ அறையில் துணி துவைக்கும் வேலைக்குப் போனார். பேட்டரி அறைப் பக்கம் மிதிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது சில சமயம் கை நின்றுவிடும். காதைச் சாய்த்துக் கேட்பார். உதடு மட்டும் ஏதோ எண்ணைச் சொல்லும்.

எப்போதும் தன் நாக்கைத்தான் குற்றம் சொல்வார். பேட்டரி தண்ணீருக்கு ருசி கிடையாது, சப்பென்று இருக்கும், ஒரு கேன் முழுக்கக் குடித்தும் எப்படி எனக்குத் தெரியாமல் போயிற்று என்பார். தம்ளரை உயர்த்துவதும், ஒரு வாயை நாக்கில் நிறுத்திவைப்பதும் அப்போது தொடங்கியதுதான்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், முதலில் கணவருக்குப் பயந்தேன் என்று சொல்லலாம். அவர் அதட்டுகிற ஆள் இல்லை. புதுச் செல் வந்தபின் சொல்லலாம் என்று இருந்தேன், வந்தது. இனிச் சொல்லி என்ன என்று இருந்தேன். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு வருடமும், அத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியையும் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பதிலாக அண்ணிக்குச் சோறு சூடாகப் போட்டேன், முதலில் போட்டேன், அவர் துணிக்கு நீலம் போட்டேன். “என்ன பூச்சி, என்னைப் புது மாப்பிள்ளை மாதிரி கவனிக்கற?” என்று கேலி செய்வார்.

சென்ற வருடம் அதே இன்ஜினியர் வந்தார். தலை நரைத்திருந்தது. பழைய செல்களை எல்லாம் எடுத்துவிட்டு, சுவரில் மாட்டும் புதுமாதிரி பேட்டரிப் பெட்டிகள் வைக்கப்போவதாகச் சொன்னார். அவற்றுக்குத் தண்ணீரே வேண்டாம். ஆனால் தினமும் அளவு பார்த்து எழுத வேண்டும். கடைக்காரரின் தம்பி எழுதிய நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். பாதிப் பக்கம் காலி, மீதிப் பக்கத்தில் ஒரே எண். அண்ணியின் பழைய பதிவுகளை அவர் மறக்கவில்லை. வீடு தேடி வந்து, நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அண்ணி அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, “பெட்டி நல்ல பெட்டிதான் சார். என் கைதான் சரியில்ல” என்றார்.

தண்ணீர் ஊற்றுகிற வேலையே இதில் கிடையாது என்று அவர் எடுத்துச் சொன்னார்.

“தண்ணி இல்லேன்னா மாத்தி வெக்கறதுக்கு வேற ஏதாவது இருக்கும்.”

வியாழக்கிழமை காலை கமிட்டி கூடும், அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெளியூர் ஆளைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அன்று செவ்வாய். அண்ணி வாசலில் நின்று அவர் போவதைப் பார்க்கவில்லை; அவர் வைத்துவிட்டுப் போன அச்சிட்ட தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் பெட்டியின் படம் இருந்தது அதில். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு நாலாக மடித்து அரிசி டப்பாவின் கீழே செருகிவிட்டார். ஆசை இல்லாதவர் அப்படி மடித்து வைக்கமாட்டார்.

புதன்கிழமை காலையில் அவர் துணி துவைக்கக் கிளம்பும் முன், வழக்கம்போலத் தம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். சன்னல் பக்கம் தூக்கினார். கண்ணைச் சுருக்கினார்.

“அண்ணி, அந்தக் கேன் மாறல” என்றேன். “கொட்டினது நான். பம்புத் தண்ணி ரொப்பி வெச்சேன்.”

அவர் தம்ளரை இறக்கவில்லை.

“எந்தப் பம்பு?”

“திருப்பத்துல இருக்கறது.”

“முழுக் கேனா?”

“முழுசும் கொட்டிப்போச்சு. கழுத்து வரைக்கும் ரொப்பினேன். சீலைப் பிச்சதும் அதுக்காகத்தான்.”

தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பழைய நோட்டோடு வந்து தரையில் உட்கார்ந்தார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் கணக்குப் போட்டார்.

“ஒரு செல்லுக்கு அறுநூறு மில்லி. எட்டு செல்லு. ஒரு கேன் சரியா வருது.” பக்கத்தைப் புரட்டினார். “என் குடிதண்ணி கேன்ல அன்னைக்குப் பாதிதான் இருந்துது. எனக்கு நல்லா ஞாபகம். பாதிக் கேன் நாலு செல்லுக்கு மேல காணாது. மீதி நாலு எப்படிக் கெட்டுச்சுன்னு ஒன்பது வருஷமா யோசிக்கறேன்.” நோட்டை மூடினார். “அப்ப நான் குடிச்சது நம்ம தண்ணிதான்.”

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என் தப்பை விட, தன் நாக்கு பொய் சொல்லவில்லை என்பதுதான் அந்த நிமிடம் அவருக்குப் பெரிதாக இருந்தது. பிறகு மெதுவாக அது அணைந்தது. என்னைப் பார்த்தார்.

“என்மேல சந்தேகமே வரலையா அண்ணி?”

“வந்திருந்தா இப்ப இவ்வளவு கோவம் வராது” என்றார். எழுந்து வெளிவாசல் வரை போய் நின்று, திரும்பாமலே சொன்னார்: “நான் சபையில நின்னேன். நீயும் நின்னு சொல்லு.”

என் கணவரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அன்று மாலை வரை வீட்டுக்குள் வரவில்லை. வந்ததும், “அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அதே வராந்தா. அதே தலைவர், இப்போது அவருக்குக் காது மந்தம். நான் எழுந்து நின்றேன். பள்ளியில் நின்றதற்குப் பிறகு அன்றுதான் கூட்டத்தில் நிற்கிறேன். சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. தலைவர் காதில் கையை வைத்து, “சத்தமா சொல்லும்மா” என்றார். மறுபடி சொன்னேன். பின்வரிசையில் யாரோ கேட்கவில்லை என்றார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை, “பேட்டரி தண்ணியக் கொட்டினது நான். உப்புத் தண்ணி ரொப்பினது நான். அண்ணி யாருக்கும் எதையும் ஊத்திக் குடுக்கல” என்றேன். வராந்தா முழுக்கக் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; மாட்டினார்; மறுபடி கழற்றித் துடைத்தார். மன்னிப்பு என்று அவர் வாயில் இருந்து இதுவரை வரவில்லை. கேட்க எனக்கு என்ன தகுதி. தலைவர் இன்ஜினியரைப் பார்க்க, இன்ஜினியர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி, “அந்தப் பெட்டிக்கு வெயில் நேரா படக் கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கே. மேற்குச் சன்னலை என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டார். அதுதான் அவர் சம்மதம்.

அதன்பிறகு நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறார், வேண்டிய அளவுக்கு. பூச்சி என்று கூப்பிடுவதில்லை. எதுவும் சொல்லித்தான் கூப்பிடுவதில்லை, எதிரில் வந்து நின்று சொல்ல வேண்டியதைச் சொல்கிறார். தையல்காரரின் மனைவி மூன்று வருடத்துக்கு முன்பே இறந்துபோனாராம். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவரிடம் எதையும் சொல்லி அனுப்ப எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்குப் பேட்டரி அறைச் சாவி அண்ணியின் கழுத்தில் இருக்கிறது. அறுபத்தொரு வீட்டில் விடியும்வரை விளக்கு எரிகிறது, ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. அண்ணி இன்னும் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார். தண்ணீர் நான்தான் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறார்.